எர்த்ஸீ துணைக்கதைகள்: நாவல் அடித்துச் சொன்னதைத் திரும்பக் கேட்ட ஐந்து கதைகள்

எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகில் நடக்கும் நாவல் தொடர் உர்சுலா கே. லெ குவின் எழுதியது. அதன் முதல் நாவலான, 1968-இல் வெளிவந்த ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் ஓகியன் என்ற முதிய மந்திரவாதி வருகிறார். நாயகன் கெட்டின் முதல் குரு இவர்தான். அதிகம் பேசமாட்டார், மழை வந்தால் அதை விரட்டாமல் நனைவார். அவரை அறிமுகப்படுத்தும் இடத்திலேயே, நிலநடுக்கத்தை அடக்கியவர் என்று ஒரு குறிப்பு வந்துபோகிறது. எந்த நிலநடுக்கம், எப்படி அடக்கினார் என்று நாவல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இவர் சாதாரண ஆள் இல்லை என்று வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2001-இல், லெ குவின் அந்தக் குறிப்பை எடுத்து ஒரு முழுச் சிறுகதை எழுதினார். ‘த போன்ஸ் ஆஃப் தி எர்த்’ என்ற அந்தக் கதையைப் படித்த பிறகு பழைய நாவலின் அந்த வரி அதே வரியாக இருப்பதில்லை. நிலநடுக்கம் அடங்கியது உண்மை, ஓகியன் அங்கே நின்றதும் உண்மை. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர்கள் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர் மலைக்குள் போய்விட்டார். இன்னொருவர் பெண் என்பதால் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஒரு மிகைபுனைவுத் தொடரின் உலகை விரிக்கும் துணைக்கதைகள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அதனால்தான் அந்தக் கதை உள்ள, ஐந்து கதைகள் கொண்ட ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ தொகுப்பை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். பெரும்பாலான துணைக்கதைகள் நாவலில் விட்டுப்போன இடத்தை நிரப்புகின்றன. லெ குவினின் கதைகள் நாவல் உறுதியாகச் சொன்ன இடத்துக்கே திரும்பிப் போய், இதை யார் சொன்னது, யாரை விட்டுவிட்டுச் சொன்னார்கள் என்று கேட்கின்றன.

சிறுகதையில் பிறந்த உலகம்

இந்தத் தொடரில் சிறுகதைகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. எர்த்ஸீ பிறந்ததே சிறுகதையில்தான். 1964-இல் ‘ஃபன்டாஸ்டிக்’ இதழில் லெ குவினின் இரண்டு கதைகள் வந்தன: ஜனவரியில் ‘த வேர்ட் ஆஃப் அன்பைண்டிங்’, ஏப்ரலில் ‘த ரூல் ஆஃப் நேம்ஸ்’. தீவுகள், மந்திரவாதிகள், ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர், அதை அறிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் என்று எல்லாமே இந்த இரண்டு கதைகளில் வந்துவிட்டன.

இரண்டாவது கதை நகைச்சுவையானது. சாட்டின்ஸ் என்ற சின்னத் தீவில் அண்டர்ஹில் என்று ஒரு மந்திரவாதி. குண்டான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். அவர் வைத்தியம் பாதி பலிக்கும், மீதி பலிக்காது. ஊர்ப் பள்ளியில் டீச்சர் பிள்ளைகளுக்குப் பெயரின் விதிகளைச் சொல்லித்தருகிறாள்: அடுத்தவரின் பெயரைக் கேட்காதே, உன் பெயரைச் சொல்லாதே. ஒருநாள் பெண்டார் தீவின் புதையலைத் தேடி ஒருவன் வருகிறான். அண்டர்ஹில்லின் உண்மைப் பெயர் தனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் அவரை எதிர்க்கிறான். யெவாத் என்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். பெயர் சரிதான். ஆனால் அது மனிதனின் பெயர் அல்ல, டிராகனின் பெயர். உண்மைப் பெயரைச் சொன்னதும் உண்மை உருவம் வெளியே வருகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து நாவலில் கெட் பெண்டார் தீவுக்குப் போய் இதே யெவாத்தைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகிறான். கதையில் சாட்டின்ஸில் ஒளிந்திருக்கும் டிராகன் நாவலில் பெண்டாரில் இருக்கிறது. எது முன்பு நடந்தது, எது பின்பு என்று வாசகர்கள் இன்றும் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். லெ குவின் அதைச் சரிசெய்யப் போகவில்லை. 1964-இன் முதல் கதையில் ட்ரோல் என்ற பூதங்கள் உண்டு, நாவல்களில் கிடையாது. 1975-இல் அந்தக் கதை தொகுப்பில் சேர்ந்தபோது, ட்ரோல்கள் எர்த்ஸீயில் எப்போதோ அழிந்துவிட்டன என்று ஒரு குறிப்பு எழுதி நகர்ந்துவிட்டார். சின்ன முரண்களைப் பற்றிக் கவலைப்படாத இந்த மனநிலை பின்னால் அவருக்குப் பெரிய சுதந்திரத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

1967-இல் பர்க்லியைச் சேர்ந்த பார்னஸஸ் பதிப்பகத்தின் ஹெர்மன் ஷைன், பதின்வயதினருக்கு ஒரு புத்தகம் எழுதித் தரும்படி கேட்டார். லெ குவின் முதலில் வரைந்தது தீவுகளின் வரைபடம். அதிலிருந்து முதல் நாவல், பிறகு 1971-இல் ‘த டூம்ப்ஸ் ஆஃப் அடுவான்’, 1972-இல் ‘த ஃபார்தஸ்ட் ஷோர்’. மூன்றாவது நாவலுக்கு 1973-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. முத்தொகுதி முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1990-இல் வந்த உடைப்பு

நான்காவது நாவல் ‘தெஹானு’ வர பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அதன் துணைத்தலைப்பே ‘எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்’. அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் தரப்படும் நெபியுலா விருதும் கிடைத்தது. ஆனால் முதல் மூன்றையும் நேசித்தவர்களில் பலருக்கு அது அதிர்ச்சி. கெட் தன் மந்திர சக்தியை இழந்து ஊர் திரும்பியிருக்கிறான். கதை நடு வயதுப் பெண்ணான டெனாரின் சமையலறையிலும் ஆட்டுத் தொழுவத்திலும் நடக்கிறது. தீயில் தள்ளப்பட்டு முகம் வெந்துபோன ஒரு சிறுமி மையத்தில் இருக்கிறாள்.

ஏன் இப்படி? முதல் நாவலில் கோன்ட் தீவின் இரண்டு சொலவடைகள் வருகின்றன. பெண்களின் மந்திரம்போல் பலவீனமானது என்று ஒன்று, பெண்களின் மந்திரம்போல் தீயது என்று இன்னொன்று. ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளியில் ஆண் பிள்ளைகள் மட்டுமே படிக்கிறார்கள். இதை நாவல் கேள்வி கேட்கவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிப்போகிறது. 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய ஓர் உரையில் லெ குவின் இதை வெளிப்படையாகப் பேசினார். வீரகதை என்ற மரபே ஆணின் பார்வையில் கட்டப்பட்டது, அதற்குள் இருந்துகொண்டே தானும் எழுதியிருக்கிறேன் என்றார். அடுத்த ஆண்டு ‘எர்த்ஸீ ரீவிஷன்ட்’ என்ற பெயரில் அது சிறு நூலாக வந்தது.

உரையில் ஒத்துக்கொள்வது ஒன்று, கதையில் அதைச் செய்து காட்டுவது வேறு. தெஹானு நிகழ்காலத்தை மாற்றியது. ஆனால் பள்ளி ஏன் அப்படி இருக்கிறது, அது எப்போதுமே அப்படித்தான் இருந்ததா என்ற கேள்விக்கு நிகழ்காலத்தில் பதில் இல்லை. வரலாற்றுக்குள் போக வேண்டும். டேல்ஸ் தொகுப்பின் முன்னுரையில் லெ குவின் இதைத்தான் சொல்கிறார்: தெஹானுவின் முடிவில் கதை ‘இப்போது’ என்ற இடத்துக்கு வந்துவிட்டது, அடுத்து என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியவில்லை, ஆகவே தீவுகளின் ஆவணங்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இல்லாத வரலாற்றை ஆராய ஒரே வழி, கதையைச் சொல்லிப் பார்த்து என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என்கிறார்.

இன்னொரு எச்சரிக்கையும் அந்த முன்னுரையில் உண்டு. சரக்காக மாறிவிட்ட மிகைபுனைவு எந்தத் துணிச்சலும் எடுக்காது, எதையும் புதிதாகக் கண்டுபிடிக்காது, பழையதை நகலெடுத்து மலினப்படுத்தும் என்று. துணைக்கதை எழுதும் ஒவ்வொருவரும் மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய கருத்து.

அப்புறம், ‘டிராகன்ஃப்ளை’

ஐந்து கதைகளில் முதலில் அச்சானது புத்தகத்தில் கடைசியாக வரும் கதை. 1998-இல் ராபர்ட் சில்வர்பெர்க் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். புகழ்பெற்ற தொடர்களின் ஆசிரியர்கள் பதினொரு பேர், அவரவர் உலகில் நடக்கும் புதிய குறுநாவல் ஒன்று எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. துணைக்கதை என்ற வடிவத்துக்கே இது ஒரு சோதனைக்கூடம் மாதிரி. அதில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ‘த ஹெட்ஜ் நைட்’ எழுதினார். தன் நாவல்களுக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் முன்பு நடக்கும் கதை. நாவலின் எந்தப் பாத்திரத்தையும் தொந்தரவு செய்யாமல் தனியாக நிற்கிறது. ராபர்ட் ஜோர்டன் ‘நியூ ஸ்ப்ரிங்’ எழுதினார், வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இருவர் முதன்முதலில் சந்தித்த கதை. 2004-இல் அதையே தனி நாவலாக விரித்தார். இரண்டும் நல்ல கதைகள். இரண்டும் பின்னால் போகின்றன. பின்னால் போவது பாதுகாப்பானது, ஏனென்றால் முடிவு ஏற்கெனவே தெரியும், எதுவும் உடையாது.

லெ குவின் முன்னால் போனார். தெஹானு முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது டிராகன்ஃப்ளை. வே தீவில் பாழடைந்த ஒரு பண்ணைவீட்டில் குடிகாரத் தந்தையோடு வளரும் பெண் அவள். உயரமானவள், பலசாலி. தன்னிடம் என்ன சக்தி இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஊர்ச் சூனியக்காரி அவளுக்கு ஐரியன் என்று உண்மைப் பெயர் கொடுக்கும்போதே, இது முழுப் பெயர் இல்லை, இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றுகிறது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட ஓர் இளைஞன் அவளை ஆண் வேடத்தில் ரோக்குக்குக் கூட்டிப்போகிறான். அவனுக்கு அது பழிவாங்கும் விளையாட்டு. அவளுக்கு, தான் யார் என்று தெரிந்துகொள்ளும் பயணம்.

வாசற்காவலர் அவளை உள்ளே விடுகிறார். வேடம் அவரை ஏமாற்றவில்லை, தெரிந்தே விடுகிறார். உள்ளே ஒன்பது ஆசான்களும் இரண்டாகப் பிளக்கிறார்கள். எதிர்ப்பவர்களுக்குத் தலைமை தோரியன். அவர் சாவின் நாட்டுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டு, பிறகு தன் மனவலிமையால் உடலுக்குத் திரும்பியவர். விதியை மீறி ஒரு பெண் உள்ளே வரக்கூடாது என்று சொல்பவர், எல்லாவற்றிலும் பெரிய விதியான சாவையே மீறி நிற்பவர். இந்த முரணைக் கதை எங்கும் உரக்கச் சொல்வதில்லை. ரோக் குன்றின்மேல் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது தானாகவே தெரிகிறது. தோரியன் வீழ்கிறார், ஐரியன் டிராகனாக எழுந்து பறக்கிறாள்.

இது நிரப்புக் கதை அல்ல. இதைப் படிக்காமல் 2001-இல் வந்த கடைசி நாவலான ‘தி அதர் விண்ட்’டுக்குப் போனால், ஐரியன் யார் என்று தெரியாமல் தடுமாறத்தான் வேண்டும். தெஹானுவுக்கும் கடைசி நாவலுக்கும் நடுவே இது பாலம் என்று லெ குவினே சொல்கிறார். ஒரு சிறுகதைக்குத் தொடரின் முதுகெலும்பில் இடம் கொடுப்பது ஆபத்தான முடிவு. நாவல்களை மட்டும் வாங்கிப் படிக்கும் வாசகர் ஏமாந்துபோவார். அந்தக் குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கதை தரமாக இருப்பதால் அந்த விலை தகும் என்பது என் கருத்து.

பாதரசச் சுரங்கத்தில் தொடங்கிய பள்ளி

தொகுப்பின் முதல் கதையும் மிக நீளமான கதையும் ‘த ஃபைண்டர்’. நாவல்களுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்பு நடக்கிறது. அரசர்கள் இல்லை. கடற்கொள்ளைத் தலைவர்கள் ஆளுக்கொரு தீவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், மந்திரவாதிகள் அவர்களுக்குக் கூலிக்கு வேலை செய்கிறார்கள். மந்திரம் என்றாலே ஊர்மக்களுக்குப் பயமும் வெறுப்பும்.

ஹாவ்னார் தீவில் படகு கட்டும் குடும்பத்துப் பையன் ஒருவன், ஆட்டர் என்று கூப்பிடுகிறார்கள். லோசன் என்ற கொள்ளைத் தலைவனுக்காகக் கட்டும் கப்பலில், அது போகும் திசை தவறும்படி ஒரு மந்திரத்தைச் சேர்த்துவிடுகிறான். பிடிபடுகிறான். பாதரசம் எடுக்கும் இடத்துக்கு அடிமையாக அனுப்பப்படுகிறான், தரைக்கடியில் தாது எங்கே இருக்கிறது என்று கண்டு சொல்ல.

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பாதரசம் எடுப்பது எப்படி என்று தெரிந்து எழுதியிருக்கிறார். சிவப்புத் தாதுவை வெட்டி எடுத்துச் சூளையில் சுட வேண்டும். சூட்டில் பாதரசம் ஆவியாகப் பிரிந்து மேலேறும், குளிர்ந்த இடத்தில் படிந்து துளியாக வழியும். அந்த ஆவிதான் விஷம். கதையில் அந்தச் சூளைக் கோபுரத்தில் அடிமைகள் வேலை செய்கிறார்கள், வாயெல்லாம் புண்ணாகி, உடல் நடுங்கிச் சாகிறார்கள். கெல்லுக் என்ற பெரிய மந்திரவாதி அந்தப் பாதரசத்தை அரசன் என்று கூப்பிட்டு வழிபடுகிறான். அந்த அடிமைகளில் ஒருத்தி அனியெப். பேசவே வலுவில்லாத அந்தப் பெண்ணும் ஆட்டரும் சேர்ந்துதான் கெல்லுக்கை மண்ணுக்குள் அனுப்புகிறார்கள். அவளுடைய மனவலிமை இல்லாமல் அவனால் அது முடிந்திருக்காது. தப்பித்து வெளியே வந்த கொஞ்ச காலத்தில் விஷம் அவளைக் கொன்றுவிடுகிறது.

அவளுடைய ஆட்கள் மூலமாகத்தான் ஆட்டருக்கு ‘கை’ என்ற ரகசியக் கூட்டத்தைப் பற்றித் தெரிகிறது. கொடுங்கோலர்களுக்கு மறைவில் அறிவைக் காப்பாற்றி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் சாதாரண மனிதர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தத் தேடல் அவனை ரோக்குக்குக் கொண்டுபோகிறது. அங்கே கொள்ளைக்காரர்களின் தாக்குதலில் தப்பிய பெண்களும் சில ஆண்களும் இருக்கிறார்கள். பள்ளியை அவர்கள் சேர்ந்து தொடங்குகிறார்கள். ஆட்டரின் உண்மைப் பெயர் மெட்ரா. ஊர் ஊராகப் போய் மந்திரத் திறன் உள்ள பிள்ளைகளையும், எரிக்கப்படாமல் தப்பிய புத்தகங்களையும் தேடிக் கொண்டுவருவது அவன் வேலை. வயதான பிறகு வாசலைக் காக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறான்.

முதல் நாவலில் கெட் பள்ளி வாசலில் நின்று, பெயர் சொல்லாமல் உள்ளே போக முடியாமல் திணறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த வாசலுக்கு ஒரு முன்கதை கிடைத்துவிட்டது. அதைவிட முக்கியமான விஷயம், பெண்கள் நுழையாத அந்தப் பள்ளியை நிறுவியவர்களில் பெண்கள் இருந்தார்கள். தொகுப்பின் பின்னிணைப்பு நிறுவியவர்களின் பெயர்களையே தருகிறது: ரோக்கின் சகோதரிகள் எலெஹாலும் யஹானும், ஹாவ்னாரின் மெட்ராவும். பின்னால் வந்த முதல் தலைமை மந்திரவாதி ஹால்கெல் பெண்களை வெளியேற்றினார். கதையின் முடிவிலேயே ஆண்கள் சிலர் தனியாக ஒதுங்கிக்கொள்வதும், பெண்களின் அறிவு கீழானது என்ற பேச்சும் தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன. வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. தங்கள் தோழர்களே மெல்ல மெல்லச் செய்தார்கள் என்பதுதான் வலிக்கிறது.

இதைப் பிற்சேர்க்கை என்று குறை சொல்பவர்கள் உண்டு. முதலில் எழுதியதை ஆசிரியர் தன் புதிய கொள்கைக்காக வளைக்கிறார் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாவலின் ஒரு சம்பவத்தைக்கூட அவர் அழிக்கவில்லை. பள்ளியில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்பது அப்படியே இருக்கிறது. அது இயற்கை நியதி என்ற எண்ணம் மட்டும்தான் போயிற்று. நிஜ வரலாற்றிலும் இப்படித்தானே நடக்கிறது? சம்பவங்கள் மாறுவதில்லை, புதிய ஆவணம் கிடைத்ததும் அவற்றின் பொருள் மாறுகிறது. லெ குவினின் தந்தை ஆல்ஃப்ரெட் குரோபர் மானுடவியலாளர், தாய் தியோடோரா குரோபர், இஷி என்ற அமெரிக்கப் பழங்குடி மனிதரின், அவர் இனத்தில் கடைசியாக எஞ்சியவரின், வாழ்க்கையை எழுதியவர். எழுதப்பட்ட வரலாற்றுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் இருந்திருக்கும்.

மலைக்குள் போனவர்

மறுபடி ஓகியனிடம் வருவோம். ‘த போன்ஸ் ஆஃப் தி எர்த்’ மழையில் தொடங்குகிறது. கோன்ட் தீவில் ரெ ஆல்பி என்ற ஊரின் மந்திரவாதி டல்ஸ் வயதானவர், கோழி வளர்க்கிறார், மழையை நிறுத்த ஒரு மந்திரம் போடலாமா என்ற சபலத்தோடு போராடுகிறார். முன்பு அவரிடம் ஒரு மாணவன் இருந்தான். அதிகம் பேசாதவன், அதனால் சைலன்ஸ் என்று கூப்பிட்டார். அவன்தான் பிற்காலத்து ஓகியன்.

டல்ஸுக்கு மலையின் வேருக்குள் ஏதோ அசைவது தெரிகிறது. பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது, கோன்ட் துறைமுகம் மொத்தமாக அழியும். ஒருவர் துறைமுகத்தில் நின்று பிடிக்க வேண்டும், இன்னொருவர் மலையில் நிற்க வேண்டும். துறைமுகத்தில் சைலன்ஸ். மலையில் டல்ஸ். மலையில் நிற்பவர் பயன்படுத்தப்போகும் மந்திரம் ரோக் பள்ளி கற்றுத்தந்தது அல்ல, அதைவிடப் பழையது. டல்ஸ் அதைத் தன் ஆசான் ஆர்டிடம் கற்றார். அந்த ஆர்ட் ஒரு பெண். இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மந்திரத்தைச் சொன்னால் திரும்பி வர முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். மலையின் எலும்புகளோடு எலும்பாகிவிடுவார். போகிறார்.

அலுவலகங்களிலும் வயல்களிலும் வீடுகளிலும் தினமும் நடப்பது இது. வேலை செய்தவர் கண்ணில் படாத இடத்தில் இருப்பார், வாசலில் நின்றவருக்கு மாலை விழும். துறைமுகத்து மக்கள் பார்த்தது பாறைகளுக்கு நடுவே நின்ற ஓகியனை. அதனால் அவர் பெயர் நின்றது. ஒரு நிலநடுக்கத்தை நிறுத்த ஒரு மந்திரவாதி போதாது என்பதைக் காட்டும் கதை என்று லெ குவின் முன்னுரையில் சுருக்கமாகச் சொல்கிறார். ஐந்து கதைகளில் மிகச் சிறியது இதுதான், மிகச் சிறந்ததும் இதுதான் என்பேன். நாவலில் ஓகியன் ஏன் அவ்வளவு மௌனமாக இருந்தார், புகழ் பற்றிப் பேச்சு வந்தாலே ஏன் விலகினார் என்பதற்குத் தனியாக விளக்கம் எதுவும் தராமலே காரணம் புரிந்துவிடுகிறது.

மீதி இரண்டு

‘ஆன் த ஹை மார்ஷ்’ கெட் தலைமை மந்திரவாதியாக இருந்த ஆறு ஆண்டுகளில் நடக்கிறது. நாவல்கள் அந்தக் காலத்தைத் தாண்டிப் போய்விட்டன. வேறு யாராக இருந்தாலும் அங்கே கெட்டின் பெரிய சாகசம் ஒன்றை வைத்திருப்பார்கள். லெ குவின் செமல் தீவின் சதுப்புநிலத்துக்குப் போகிறார். மாடுகளுக்குக் கோமாரி போன்ற கொள்ளைநோய். மனம் கலங்கிய ஒரு மனிதன் மாட்டு வைத்தியனாக வந்து, ஒரு விதவையின் வீட்டில் தங்கி, மந்தை மந்தையாகத் தொட்டுக் குணமாக்குகிறான். அவன் ரோக்கில் பெரும் தவறு செய்துவிட்டு ஓடிவந்தவன். கெட் கடைசியில்தான் வருகிறார், தண்டிக்க அல்ல, நலமாக இருக்கிறானா என்று பார்க்க. தலைமை மந்திரவாதி என்ற பதவிக்கு என்ன பொருள் என்று இந்த ஒரு வருகை காட்டிவிடுகிறது.

‘டார்க்ரோஸ் அண்ட் டயமண்ட்’ 1999-இல் ஓர் இதழில் வந்தது. பணக்கார வியாபாரியின் மகன், சூனியக்காரியின் மகள், இசை. மந்திரவாதிகள் ஏன் மணம் செய்துகொள்வதில்லை என்ற கேள்வியைத் தொடுகிறது. இனிமையான காதல் கதை. ஆனால் தொகுப்பில் இதை எடுத்துவிட்டாலும் உலகம் மாறாது. கடந்த இருநூறு ஆண்டுகளில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று ஆசிரியரே சொல்லும் கதைக்கு அந்த உலகோடு அவ்வளவு கட்டு இல்லை.

கதைகளுக்குப் பிறகு ‘எ டிஸ்கிரிப்ஷன் ஆஃப் எர்த்ஸீ’ என்று ஒரு பின்னிணைப்பு. மொழிகள், வம்சங்கள், பள்ளியின் வரலாறு, ஆண்டுகள் எல்லாம் அங்கே. தகவலுக்கு அதுதான் சரியான இடம். அதைப் பின்னால் கொண்டுபோய் வைத்ததால் கதைகள் எதுவும் பாடம் நடத்தவில்லை. உலகக் கட்டமைப்பில் ஆசை உள்ளவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: சேர்த்துவைத்த குறிப்புகளையெல்லாம் பாத்திரங்களின் வாயில் போட்டுவிடுகிறார்கள்.

முதல் கதையையும் திரும்பக் கேட்டது

இந்த மறுவிசாரணை கடைசியில் 1964-இன் முதல் கதை வரைக்கும் போனது. ‘த வேர்ட் ஆஃப் அன்பைண்டிங்’கில் ஃபெஸ்டின் என்ற மந்திரவாதி நிலவறையில் அடைபட்டிருக்கிறான். உருமாறி உருமாறித் தப்பப் பார்த்தும் முடியவில்லை. கடைசியில் விடுவிக்கும் சொல்லைத் தனக்கே சொல்லிச் சாகிறான். சாவின் நாட்டுக்குள் போய், செத்தும் அடங்காத எதிரி வோலைத் துரத்தி, அவன் திரும்பாதபடி அங்கேயே காவல் இருக்கிறான். அசையாத நட்சத்திரங்களும் இருளும் உள்ள அந்த வறண்ட நாடு 1972 நாவலின் உச்சக் காட்சிக்குக் களமாயிற்று. டிராகன்ஃப்ளையில் தோரியன் திரும்பி வந்ததும் அங்கிருந்துதான். வோல், தோரியன், நடுவே 1972-இன் வில்லன் காப்: சாவை ஒத்துக்கொள்ளாத மந்திரவாதிகளின் வரிசை இது.

‘தி அதர் விண்ட்’ இதற்கு முடிவு கட்டுகிறது. அந்த வறண்ட நாடு இயற்கையானது அல்ல, என்றும் வாழ ஆசைப்பட்ட பழைய மந்திரவாதிகள் கட்டியது என்று தெரியவருகிறது. அதன் சுவர் இடிக்கப்படுகிறது, அடைபட்டிருந்த இறந்தவர்கள் விடுதலையாகிறார்கள். ஃபெஸ்டினின் தியாகத்தை இதற்குப் பிறகு படித்தால் அவன் வீரம் குறைவதில்லை. ஆனால் அவன் காவல் இருந்த இடமே ஒரு பெரிய தவறு என்பது உறைக்கிறது. இந்த நாவலுக்கு 2002-இல் உலக மிகைபுனைவு விருது கிடைத்தது. டேல்ஸ் தொகுப்பு இல்லாமல் இந்த நாவலை எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பள்ளியே மனிதர்கள் கட்டியதுதான் என்று ஃபைண்டர் காட்டிய பிறகுதான், சாவின் நாடும் மனிதர்கள் கட்டியதுதான் என்று சொல்லும் துணிவு கதைக்கு வருகிறது.

பிறகும் இரண்டு கதைகள் வந்தன. 2014-இன் ‘த டாட்டர் ஆஃப் ஓட்ரென்’, கல்லாக்கப்பட்ட தந்தைக்காகக் காத்திருக்கும் மகளின் கதை, கிரேக்க எலெக்ட்ராவின் சாயல் கொண்டது. நன்றாக எழுதப்பட்டது, ஆனால் தனித் தீவு. ‘ஃபயர்லைட்’ லெ குவின் மறைந்த பிறகு 2018-இல் ‘பாரிஸ் ரிவ்யூ’வில் வந்தது. கெட்டின் கடைசி நாட்கள். மற்ற கதைகள் போல இது எதையும் கேள்வி கேட்கவில்லை, ஐம்பது ஆண்டுகள் கூடவே வந்த ஒருவருக்கு விடைகொடுக்கிறது. அதற்கும் துணைக்கதையில் இடம் உண்டு.

அதே ஆண்டு சார்லஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு ‘த புக்ஸ் ஆஃப் எர்த்ஸீ’ என்ற முழுத் தொகுதி வந்தது. ஆறு புத்தகங்களுக்கும் பிறகு 1964-இன் இரண்டு கதைகளும், ஓட்ரெனும் ஃபயர்லைட்டும், ஆக்ஸ்ஃபோர்ட் உரையும் அதில் உள்ளன. புதிதாகத் தொடங்குபவர்கள் கதை நடக்கும் கால வரிசைப்படி ஃபைண்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இந்தக் கதைகளை நாவல்களுக்குப் பின் படித்தால்தான் பலன் என்று லெ குவினே சொல்லியிருக்கிறார். ஓகியன் தனியாக நிலநடுக்கத்தை அடக்கினார் என்று முதலில் நீங்கள் நம்பியிருக்க வேண்டும். முதல் நான்கு நாவல்கள், பிறகு டேல்ஸ், அதற்குப் பிறகு தி அதர் விண்ட். அதை முடித்த கையோடு 1964-இன் ஃபெஸ்டின் கதையைப் படித்துப் பாருங்கள்.